நாலு வாரம் என்று சொன்னவள்

இடாலியா கார்ட்டி தன் வாழ்நாளில் ரேடியோவில் பேசியது இரண்டே தடவை. முதல் தடவை பேசிவிட்டு வந்தபோது அலுவலகத்தில் தேங்காய்க் கேக் வெட்டினார்கள். இரண்டாம் தடவை பேசிவிட்டு வந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் அடித்த லூயிஸ் புயலுக்கு முந்தின வருடம் அவள் கரீபியன் கடலில் இங்கிலாந்து ஆளும் சிறு தீவான அங்குவிலாவில், அரசாங்கத்தின் பாஸ்போர்ட் கவுண்ட்டரில் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டைக் கையால்தான் எழுதுவார்கள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனாலேயே அந்த வேலை கிடைத்தது. பிறகு மெஷின் வந்தது. காலையில் விண்ணப்பம் கொடுத்தவர் அந்த வாரக் கடைசியில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகலாம். அவசரமென்றால் அன்று சாயங்காலமே.

அந்தத் தீவில் பாஸ்போர்ட் பீரோவில் தூங்குகிற பொருளல்ல. பல் வலித்தால், கண்ணாடி உடைந்தால், பள்ளிக்கூடம் திறக்கும்முன் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க வேண்டுமென்றால், பிளோயிங் பாயிண்ட் துறையில் படகேறி இருபத்தைந்து நிமிடத்தில் எதிரே தெரியும் செயின்ட் மார்ட்டினுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தீவில் பாதி பிரெஞ்சுக்காரர்களின் மண், பாதி டச்சுக்காரர்களின் மண். அதனால் பாஸ்போர்ட் சட்டைப் பையிலேயே இருக்கும். வியர்வை பட்டு, மீன் வாடை ஏறி, ஓரம் சுருண்டு இடாலியாவின் கவுண்ட்டருக்குத் திரும்பி வரும்.

யாருடையது எப்போது முடிகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டே சொல்லுவாள்.

"கேப்டன், உங்க பாஸ்போர்ட் மார்ச்சோட முடியுது. ஞாபகம் இருக்கா?"

"பொண்டாட்டி பொறந்த நாளே எனக்கு ஞாபகம் இல்ல, மிஸ் இடாலியா."

"அது ஜூன் ஒன்பது. அதையும் நானேதான் சொல்லணுமா?"

காகிதங்களின் கோணல்களும் அவளுக்குத்தான் தெரியும். வேலை தேடி அரூபாவின் எண்ணெய் ஆலைக்குப் போன அப்பன்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகள் உண்டு. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகக் குடும்பப் பெயர் எழுதிவைத்த குமாஸ்தாக்கள் உண்டு. எந்தச் சான்றிதழில் எந்த எழுத்து தப்பு, அது எந்தத் தேவாலயத்துப் பதிவேட்டில் சரியாக இருக்கிறது என்று அவள் நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவாள்.

அவளுடைய அப்பா அறுபத்தேழில் செயின்ட் கிட்ஸ் தீவின் போலீசாரை விமானம் ஏற்றி அனுப்பிய கூட்டத்தில் இருந்தவர். பக்கத்துத் தீவுக்காரன் கையில் இருக்கமாட்டோம், இங்கிலாந்தோடேயே இருப்போம் என்று ஊரே நின்ற காலம் அது. "மத்த தீவெல்லாம் இங்கிலாந்த விட்டுப் போகணும்னு சண்ட போட்டுச்சு. நாம இருக்கணும்னு சண்ட போட்டோம். நம்மள அவங்க கைவிட மாட்டாங்க," என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இடாலியா அதைப் பெரிதாக யோசித்ததில்லை. ஆனால் நம்பினாள்.

அவள் வேலையில் சேர்ந்து இருபத்திரண்டாம் வருடம், மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நரைத்த குட்டை முடி, வெயிலில் சிவந்துபோன கழுத்து, நல்ல சுபாவமான பெண்மணி. இனி எல்லாத் தீவுகளின் பாஸ்போர்ட்டும் இங்கிலாந்தில் ஒரே இடத்தில் அச்சாகும், திருட்டுப் பாஸ்போர்ட்டைத் தடுக்க அதுதான் வழி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இடாலியா மட்டும் கையைத் தூக்கினாள்.

"எத்தன நாள் ஆகும், மேடம்?"

"நாலு வாரம். அதுக்கு மேல போகாது."

"பழைய பாஸ்போர்ட்ட அனுப்பணுமா? அது இல்லாம எங்க ஆளுங்க டாக்டர்கிட்டகூடப் போக முடியாது."

"வேண்டாம். நகல் போதும்."

"எங்க சான்றிதழ்ல நிறைய எழுத்துப் பிழை இருக்கும். அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

அந்தம்மாள் சிரித்தார். "உங்களக் கேட்டுத்தான் செய்வாங்க. உங்க வேல எங்கயும் போகல. மெஷின் மட்டும்தான் போகுது."

துறைத் தலைவர் கிளாடியஸ் ப்ரூக்ஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவன் இடாலியாவின் அத்தை மகன், அவளைவிட எட்டு வயது சின்னவன். ஆட்கள் இருந்தால் 'மிஸ் இடாலியா', இல்லாவிட்டால் 'கசின்'. ஏப்ரல் மாதம் ஒருநாள் அவள் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கசின், ஊர் பூரா பொலம்புது. நீ ரேடியோவுல ரெண்டு வார்த்த சொன்னாத்தான் அடங்குவாங்க."

"நானா? மைக்கப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குமே."

"கவுண்ட்டர்ல பேசற மாதிரி பேசு. அது போதும்."

அவள் போனாள். நாலு வாரம் என்றாள். பழைய பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கும் என்றாள். "இருபத்திரண்டு வருஷமா உங்க பாஸ்போர்ட்ட நான் பாத்துக்கிட்டேன். இனியும் நான்தான் பாத்துக்கப்போறேன். என் பேச்ச நம்புங்க," என்று முடித்தாள். அன்றுதான் கேக் வெட்டினார்கள்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமையோடு மெஷின் நிற்பதாக ஏற்பாடு. ரேடியோவில் சொன்னதை நம்பியவர்கள் நம்பினார்கள், நம்பாதவர்கள் அன்று காலை ஏழு மணிக்கே படிக்கட்டு வரை வரிசை கட்டிவிட்டார்கள். கைவசம் இருந்தது எண்பது வெற்றுப் பாஸ்போர்ட் புத்தகம். ஆகஸ்டுக்குள் முடிகிறவர்களுக்கு மட்டும் என்று இடாலியா ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

பதினோரு மணி வாக்கில் ஒலிவின் ஹாரிகன் வந்து நின்றாள். ஸ்டோனி கிரவுண்டில் இடாலியாவின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆட்டுப்பட்டிதான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது வருடம் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடியவர்கள். அந்த வருடம் ஒலிவினுக்கு மார்பில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை செயின்ட் மார்ட்டினுக்குப் போய், அதன் டச்சுப் பக்கத்து மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். எட்டு தடவை ஏற்ற வேண்டும். இரண்டு முடிந்திருந்தது. தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள்.

"என்னோடது செப்டம்பர் பதினொண்ணு, டாலி. இப்பவே போட்டுக் குடுத்துடேன்."

"செப்டம்பருக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. உனக்கு எதுக்கு இந்த அவசரம்?"

"மனசு சரியில்ல. கையில இருந்தா நிம்மதியாத் தூங்குவேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷம் நட்புக்காக ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் நாளைக்குக் கவுண்ட்டரில் மரியாதை இருக்காது என்று இடாலியாவுக்குத் தோன்றியது. அதைவிட, தான் ரேடியோவில் சொன்னதைத் தன் சிநேகிதியே நம்பவில்லையே என்று சுருக்கென்றும் இருந்தது.

"நான் சொல்றதுல உனக்கே நம்பிக்க இல்லையா? நாலு வாரம், ஒலிவின். அடுத்த வாரம் விண்ணப்பம் போடு, ஆகஸ்டு படகுப் போட்டிக்கு முன்னாடி கையில வந்துடும்."

ஒலிவின் பழைய பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சரி. நீ சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சாயங்காலம் மெஷினைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். அப்போது பதினேழு புத்தகம் மீந்திருந்தது. அதையும் எண்ணி முத்திரை வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூலை முதல் வாரம் ஒலிவினின் விண்ணப்பம் நகலோடு போனது. மாதக் கடைசியில் பதில் வந்தது: மூலப் பாஸ்போர்ட்டை அனுப்பவும், அது இல்லாமல் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது. இடாலியா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தானே ஒலிவின் வீட்டுக்குப் போனாள்.

"ஏதோ புதுசு, கொஞ்சம் தடுமாறுறாங்க. குடுத்துடு. நாலாவது ஊசி போட்டு வந்துட்ட, அடுத்ததுக்கு மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள வந்துடும்."

ஒலிவின் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

வரவில்லை. படகுப் போட்டி முடிந்தது. ஐந்தாவது ஊசி நாள் வந்தது, போனது. இடாலியா இங்கிலாந்துக்குத் தினமும் போன் போட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு குரல், ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அங்குவிலா எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் இரண்டு பேர். கவர்னர் அலுவலகத்தில் அவசரப் பயணக் கடிதம் கேட்டுப் பார்த்தாள். இங்கிலாந்தில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அதே பெயருக்கு இங்கே ஒன்று தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அடுத்த கடிதம். ஒலிவின் அரூபாவில் பிறந்தவள், அந்தப் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். இது இன்னார்தான் என்பதற்கு ஆதாரம் தேவை என்றிருந்தது. இடாலியா அன்றே தன் கைப்பட எழுதி அனுப்பினாள்: இந்தப் பெண்ணை ஐந்து வயதிலிருந்து அறிவேன், இதற்கு முந்தைய இரண்டு பாஸ்போர்ட்டும் நான் சரிபார்த்துக் கொடுத்தவையே. எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உள்ளூர் விண்ணப்ப மைய ஊழியர்களின் சாட்சியம் ஏற்கப்படாது. ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர் போன்ற தகுதியுள்ள ஒருவரிடம் கையெழுத்து வாங்கவும்.

தகுதியுள்ள ஒருவர். அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் உயர்நிலைப் பள்ளிக்கு அந்த வருடம்தான் கயானாவிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். ஒலிவினை அவர் அதுவரை பார்த்ததேயில்லை. அது ஏற்கப்பட்டது.

இதற்குள் கவுண்ட்டரில் ஊரே மாறியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் அவளைக் கண்டதும் சிரித்தவர்கள் இப்போது எட்டி நின்றே கேட்டார்கள்: "நாலு வாரம்னு சொன்னீங்களே, மிஸ் இடாலியா. எந்த ஊர் வாரம் அது?" மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போன ஒரு மீனவர் கவுண்ட்டரில் குத்திவிட்டு, "நீயும் அவங்களோட சேந்துட்ட," என்றார். அவர் அப்படிச் சொன்னதைவிட, மரியாதை விட்டு 'நீ' என்றது அவளுக்கு வலித்தது.

ஒலிவின் வீட்டுப் பக்கம் போவதை அவள் நிறுத்திவிட்டாள். முதலில் ஒரு நாள், நல்ல செய்தி வந்ததும் போகலாமென்று. பிறகு ஆட்டுப்பட்டியைச் சுற்றிக்கொண்டு மேட்டு வழியாக வீடு திரும்பப் பழகிக்கொண்டாள். தேவாலயத்தில் தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பின்வரிசைக்கு மாறினாள்.

செப்டம்பர் நடுவில், கிளாடியஸ் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம், ஒரு புகார்க் கடிதத்தின் எண்ணைத் தேடி அவன் அறையிலிருந்த கோப்பைப் புரட்டினாள். ஏப்ரல் மூன்றாம் தேதியிட்ட மின்னஞ்சல் ஒன்று அச்செடுத்துக் குத்தியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தது. முதல் வருடத்தில் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். எல்லா விண்ணப்பத்தோடும் மூலப் பாஸ்போர்ட் கட்டாயம். வீண் பதற்றத்தைத் தவிர்க்க, மாற்றம் முடியும்வரை கவுண்ட்டர் ஊழியர்களுக்குத் தெரிவிக்க வேண்டாம். ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்', கீழே கிளாடியஸின் சுருக்கொப்பம்.

அவள் ரேடியோவில் பேசியது ஏப்ரல் இருபது.

அவன் திரும்பி வரும்வரை அவள் அந்த அறையிலேயே நின்றாள். காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன, கிளாடியஸ்?"

அவன் பார்த்தான். உட்காராமலே கதவைச் சாத்தினான். "கசின்..."

"கசின்னு கூப்பிடாத. பன்னண்டு வாரம்னு தெரிஞ்சும் என்ன ரேடியோவுக்கு அனுப்பினியா?"

"எனக்கும் மேல இருந்து உத்தரவு. நான் என்ன செய்ய முடியும்? எப்படியும் மெஷின் போகத்தான் போகுது. ஊர்ல கலவரம் வேண்டாம்னாங்க."

"அப்ப நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா எவன் நம்புவான்?" என்றான் அவன், தன்னையறியாமல் நிஜத்தைச் சொல்லிவிட்டவன்போல. "உன்னத்தான் நம்புவாங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். "ஒலிவினுக்கு ரெண்டு ஊசி தவறிப்போச்சு. கடைசி வெள்ளிக்கிழம என் முன்னாடி நின்னு கேட்டா. பதினேழு புத்தகம் மிச்சம் இருந்துச்சு, கிளாடியஸ். பதினேழு. நீ ஒரு வார்த்த என் காதுல போட்டிருந்தா..."

"எனக்கு அவங்க விஷயம் தெரியாது."

"தெரியும். அவ தலையில துணி கட்டியிருந்தத நீ பாத்த. படியில வழி விட்டவனே நீதான்."

அவன் காகிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்தான்.

அடுத்த புதன்கிழமை, மக்கள் போன் போட்டுப் பேசும் ரேடியோ நிகழ்ச்சிக்கு அவள் தானாகவே போய் உட்கார்ந்தாள். அனுமதி கேட்கவில்லை. இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "ஏப்ரல்ல நான் உங்ககிட்ட நாலு வாரம்னு சொன்னேன். அது பொய். எனக்குத் தெரியாம என் வாயால சொல்ல வச்ச பொய். ஆனா வாய் என்னோடது. பன்னண்டு வாரம் ஆகும். பழைய பாஸ்போர்ட்டயும் குடுக்கணும். அது இல்லாம எங்கயும் போக முடியாது. வைத்தியம் பாக்கறவங்க அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணிக்கோங்க. என்ன மன்னிச்சிடுங்க." யார் எழுதிய மின்னஞ்சல், யார் போட்ட பச்சை மை என்று அவள் சொல்லவில்லை. நிகழ்ச்சி நடத்தியவர் துருவித் துருவிக் கேட்டும் சொல்லவில்லை. அவனைப் பெற்ற அத்தை உயிரோடிருந்தாள், எண்பத்தொன்பது வயது, ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அரசு ஊழியர் விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு மூன்றாம் நாள் கடிதம் வந்தது. நவம்பர் முதல் தபால் அலுவலகத்துக்கு மாற்றம். கடிதத்தில் கையெழுத்திட்டது கிளாடியஸ்.

ஒலிவினின் பாஸ்போர்ட் அக்டோபர் மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தது. அதற்குள் ஏழாவது ஊசியும் தவறியிருந்தது. அதை வாங்கிக்கொள்ள அவளே கவுண்ட்டருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இடாலியா பழக்கத்தில் பக்கத்தைத் திறந்து பெயரையும் தேதியையும் சரிபார்த்தாள். வழங்கிய அலுவலகம் என்ற இடத்தில் இங்கிலாந்து அலுவலகத்தின் பெயர். பெயரில் அந்தக் கூடுதல் எழுத்து அப்படியே அச்சாகியிருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஒலிவினுக்குப் புதுப் பெயர்.

"எழுத்த மாத்தச் சொல்லித் திருப்பி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஒலிவின். கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலைப் படகில் செயின்ட் மார்ட்டின் போனாள்.

கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், இங்கே இருக்கும் மருந்து போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒலிவினின் மகள் இங்கிலாந்தில், பாதி அங்குவிலாவே குடியேறிவிட்ட ஸ்லாவ் நகரத்தில் இருந்தாள். நவம்பரில் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆடுகளை விற்றார்கள். வழியனுப்ப ஊரே துறைக்குப் போனது. இடாலியா அன்று தபால் அலுவலகத்தில் புது வேலையில் இருந்தாள். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பட்டாணிச் சோறு கிளறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டாலி, இந்த ஊர்க் குளிரு எலும்புக்குள்ள போகுது. தலையில ரெண்டு தொப்பி போட்டிருக்கேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"மருந்து வேல செய்யுதுன்றாங்க. பாப்போம். நீ ரேடியோவுல பேசினத என் மக போட்டுக் காட்டினா. ஊருக்கே மன்னிப்பு கேட்டிருக்கியே."

"ஆமா."

"எனக்கு?"

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இடாலியா நகரவில்லை.

"பாஸ்போர்ட்டுக்காக உன்மேல எனக்குக் கோபம் இல்ல," என்றாள் ஒலிவின். "உன்ன அவங்க ஏமாத்திட்டாங்க. நீ என்ன பண்ணுவ? ஆனா பதினோரு வாரம், டாலி. நடுவுல இருந்தது பத்து ஆடு. ஒரு நாள்கூட நீ அந்தக் கேட்டத் திறந்துக்கிட்டு வரல. நீ வருவன்னு ரெண்டு பேருக்கு மீன் சூப்பு வச்சிட்டு உக்காந்திருந்தேன். மேட்டு வழியா நீ போறது எனக்கு ஜன்னல்ல தெரியும்."

"வெட்கமா இருந்துச்சு, ஒலிவின். உன் மூஞ்சியப் பாக்க முடியல."

"உன் வெட்கத்த வச்சிக்கிட்டு நான் என்னடி பண்றது?"

இடாலியா அடுப்பை அணைத்தாள். பிறகு ஒலிவின் மழை பெய்ததா என்று கேட்டாள். இடாலியா பெய்தது என்றாள். மகள் கூப்பிடுகிறாள் என்று ஒலிவின் வைத்துவிட்டாள். அதன்பிறகு மாதம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். மழை, தேவாலயம், யார் வீட்டில் யார் செத்தார்கள் என்பது வரைதான்.

கிளாடியஸுக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. அத்தையின் சாவு வீட்டில் அவனும் இடாலியாவும் பெட்டியின் இரு பக்கமும் நின்றார்கள். அவன் கையை நீட்டினான். அத்தையின் முகத்துக்காக அவளும் நீட்டினாள். அவன் கையைப் பிடிக்காமலே தன் கையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் தபால் அலுவலகத்தில் பார்சல் ஜன்னலில் இருக்கிறாள். பாஸ்போர்ட் விண்ணப்ப உறைகள் அந்த வழியாகத்தான் இங்கிலாந்துக்குப் போகின்றன. எடை போட்டு, ரசீது கிழித்துக் கொடுப்பாள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் விடுவதில்லை. குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்கள்.

"மிஸ் இடாலியா, உள்ளத சொல்லுங்க. எத்தன நாள்ல வரும்?"

"உறைக்குப் பின்னால போட்டிருக்கு பாருங்க."

"அது அவங்க போட்டது. நீங்க சொல்லுங்க."

அவள் ரசீதை ஜன்னலின் அடி இடைவெளி வழியாகத் தள்ளுவாள். "எனக்குத் தெரியாதுங்க," என்பாள். வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவாள்.